1953 கோல்டுடாப்பை 1957 ஆக்கியது: பெங்களூரில் ஒரு லெஸ் பால் மாற்றம்

கிட்டார்: அமெரிக்க கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் மாடல், 1953-இல் செய்த கோல்டுடாப், அதாவது தங்க நிற முகப்பு. இடம்: பெங்களூரு, காக்ஸ் டவுன். உரிமையாளர் எழுபதைத் தாண்டிய, பணி ஓய்வு பெற்ற தமிழர். கப்பல் வேலையில் இருந்த அவருடைய அண்ணன் 1960-களில் நியூயார்க்கில் ஓர் அடகுக்கடையில் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்த கிட்டார் இது. அண்ணன் இப்போது இல்லை. என்னிடம் கேட்ட வேலை: இதை 1959 சன்பர்ஸ்ட்டாக (மரத்தின் வரி தெரியும்படி பூசிய, மிக விலை உயர்ந்த பழைய மாடல்) மாற்ற முடியுமா? கேட்டது பெரியவர் இல்லை, அவருடைய பேரன்.

கடைசியில் அது 1959 மாடல் ஆகவில்லை, 1957 மாடல் ஆனது. ஒரு பழைய கிட்டாரை இன்னும் விரும்பத்தக்க ஒன்றாக மாற்றும்போது எதுவரை போகலாம் என்பதை, அதில் ஏற்கெனவே எது தொலைந்துவிட்டது, எது இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. வாங்குபவரின் ஆசையும் சந்தை விலையும் அதற்கு அப்புறம்தான். இந்தக் கிட்டாரில் அந்த வரிசையை விடாமல் பின்பற்ற முடிந்தது. அதனால்தான் முழுதாக எழுதுகிறேன்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது

லெஸ் பால் மாடல் 1952-இல் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ தொழிற்சாலையில் செய்தார்கள். மஹோகனி உடல், மேலே வளைவாகச் செதுக்கிய மேப்பிள், அதன்மேல் தங்கப் பூச்சு, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் (பி-90) இரண்டு. முதல் வருடத்தில் நெக்கின், அதாவது கழுத்தின், சாய்வு மிகக் குறைவு. அதனால் தந்திகளை தந்திகளின் கடைசியைப் பிடித்திருக்கும் டிரபீஸ் டெயில்பீஸின் பாருக்கு அடிவழியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. உள்ளங்கையை பிரிட்ஜில் (உடல்மேல் தந்தி தங்கும் பாகம்) வைத்துத் தந்தியை அமுக்கி வாசிப்பவர்களுக்கு அது பெரிய தொல்லை. 1953-இல் சாய்வைக் கூட்டி, முகப்பில் இரண்டு ஸ்டட் (தடித்த திருகு) பதித்து, ஒரே பாரில் தந்தியைச் சுற்றிக் கட்டும் ஏற்பாடு வந்தது. 1955 கடைசியில், ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக நீளம் திருத்தக்கூடிய டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ். 1957-இல் பி-90 போய், சேத் லவர் வடிவமைத்த, மின் இரைச்சலைத் தடுக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர். 1958-இல் தங்க நிறம் போய், உள்ளே மேப்பிளின் வரி தெரியும் செர்ரி சன்பர்ஸ்ட். 1960-க்குப் பிறகு அந்த வடிவமே நின்றுபோய், நாம் இப்போது எஸ்.ஜி. என்று சொல்லும் இரட்டைக் கொம்பு வடிவம் வந்துவிட்டது.

விற்பனை சரிந்ததால்தான் நிறுத்தினார்கள். 1960-களின் நடுவில் மைக் புளூம்ஃபீல்டு, எரிக் கிளாப்டன் போன்ற கிட்டார் கலைஞர்கள் இந்தப் பழைய லெஸ் பாலைக் கையில் எடுத்து, ஆம்ப்ளிஃபையரை முழுச் சத்தத்தில் வைத்து வாசித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட்டுகள் ஏறக்குறைய 1,500 இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. இன்று நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விலை லட்சக்கணக்கான டாலர்.

சபலம் இங்கேதான் தொடங்குகிறது. 1953 கோல்டுடாப்பும் 1959 சன்பர்ஸ்ட்டும் ஒரே தொழிற்சாலையில், ஒரே மாதிரி மஹோகனியில், மேப்பிளில், பிரேசில் ரோஸ்வுட்டில் செய்தவை. வேறுபாடு பிக்கப், பிரிட்ஜ், நெக்கின் சாய்வு, அதன் பருமன், பூச்சு. இவற்றில் பெரும்பாலானதை ஒரு நல்ல கைவினைஞர் மாற்றிவிட முடியும். அப்படி மாற்றிய கிட்டார்களுக்கு மேற்கு நாடுகளில் தனிச் சந்தையே இருக்கிறது. அசல் சன்பர்ஸ்ட் விலையில் சிறு பங்குக்கு, அந்தச் சத்தத்துக்கு மிக அருகில் போகலாம் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது.

புகழ்பெற்ற உதாரணங்களும் உண்டு. ராக் கலைஞர் நீல் யங்கின் 'ஓல்டு பிளாக்' 1953 கோல்டுடாப்தான். யாரோ கருப்பு அடித்து, பின்னால் வேறு பிக்கப்பும் வேறு பிரிட்ஜும் சேர்ந்துவிட்டன. கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் 'ஆக்ஸ்பிளட்' 1954-இல் செய்த லெஸ் பால். அவர் கைக்கு வரும்போதே தங்கத்தை எடுத்துவிட்டு, காய்ந்த ரத்த நிறம் பூசி, ஹம்பக்கர் வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் லண்டன் ஏலத்தில் அது பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அந்த விலை ஜெஃப் பெக்கின் விரல்களுக்கு. அது மாற்றத்துக்குக் கிடைத்த விலை என்று எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருபவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேஜைக்கு வந்த நிலை

கோல்டுடாப் என்று பெயர்தான், பெட்டியைத் திறந்தால் முகப்பு கருப்பு. 1970-களில் அண்ணன் ஒரு டான்ஸ் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஹம்பக்கர் வேண்டும், கருப்பு நிறம் வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். தெரிந்த ஒருவர் உளியால் குழிகளைப் பெரிதாக்கி, ஜப்பானிய ஹம்பக்கர் இரண்டைப் பொருத்தியிருக்கிறார். ஜே.சி. ரோட்டுப் பக்கம் ஒரு டிங்கரிங் கடையில், காருக்குப் போடுவது போலவே, எமரி போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, டூகோ அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். 1953-இன் பாரைக் கழற்றிவிட்டு அதற்குப் பதில் ஒரு ஜப்பானிய பிரிட்ஜ். அதற்குத் துளையிட்டது கோணல். அந்தக் காலத்தில் பெங்களூரில் இது பழைய கிட்டார், அவ்வளவுதான். யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மிச்சம் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கருப்புப் பூச்சு முகப்போடு நின்றுவிட்டது. ரூபாய் நோட்டு பார்க்கும் புறஊதா டார்ச்சை இருட்டறையில் பின்பக்கமும் நெக்கிலும் அடித்தால், எழுபது வருட நைட்ரோசெல்லுலோஸ் மங்கலான பச்சை மஞ்சளாக ஒரே சீராக ஒளிர்ந்தது. நடுவில் மறுபூச்சு இருந்தால் அந்த இடம் மட்டும் திட்டாக இருண்டு காட்டும். அப்படி எதுவும் இல்லை. தலைப்பகுதி உடைந்து ஒட்டிய அடையாளம் இல்லை. கிப்ஸன் நெக்கில் நட்டுக்கு (தலை தொடங்கும் இடத்தில் தந்திகள் தங்கும் பட்டை) கீழே, நெக்கை நேராக வைக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடுக்காகத் தோண்டிய இடம் மெலிந்திருக்கும், தலையும் 17 டிகிரி பின்சாய்ந்திருக்கும், கீழே விழுந்தால் முதலில் போவது அந்த இடம்தான். இது தப்பியிருக்கிறது. தலையின் பின்னால் மையால் அச்சிட்ட வரிசை எண், 3-இல் தொடங்குகிறது. அந்தக் காலத்து வழக்கப்படி முதல் இலக்கம் வருடத்தைக் குறிக்கும். உள்ளே நான்கு வால்யூம், டோன் பாட்டுகளில் (குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்கள்) இரண்டு பழையவை. 134 என்ற எண் முத்திரை சென்ட்ராலாப் நிறுவனத்துடையது, அதை அடுத்து வந்த வருட இலக்கமும் 3. இரண்டு சான்றும் ஒத்துப்போயின.

பெட்டியின் உள்ளறையில் துணியில் சுற்றி ஒரு பி-90 இருந்தது. மற்றது தொலைந்துவிட்டது. டியூனர்களின் பிளாஸ்டிக் குமிழ்கள், அந்தக் காலத்து க்ளூசன் நிறுவன டியூனர்களுக்கு வழக்கமாக ஆகிற மாதிரி, சுருங்கி உதிர ஆரம்பித்திருந்தன.

பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "தம்பி, முன்பக்கம் என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோங்க. அண்ணன் வயித்தோட உரசி உரசித் தேஞ்ச பின்பக்கத்தைத் தொட்டுடாதீங்க." அவர் சொல்லாவிட்டாலும் தொட்டிருக்க மாட்டேன். அவர் சொன்னதும் வேலையின் எல்லை எழுத்தில் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதே கிட்டார் தங்கப் பூச்சோடு, இரண்டு பி-90-யோடு, பழைய பாரோடு வந்திருந்தால், நான் ஒரு திருகைக்கூட மாற்ற ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். முழுமையாக இருக்கும் 1953 என்பது அதற்கே உரிய சத்தமும் வரலாறும் உள்ள கிட்டார். அதை அறுத்து வேறொன்றின் போலியாக்குவது நஷ்டம். அந்த நஷ்டம் இங்கே ஐம்பது வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. மறுபூச்சு இருந்தால் பாதி விலை என்பது வியாபாரிகளின் வாய்க்கணக்கு. அதற்குமேல் உளிக் குழிகள் வேறு. சந்தை இதில் இழக்க இனி அதிகம் இல்லை.

சன்பர்ஸ்ட் ஏன் இல்லை

முகப்பின் டூகோவை எடுப்பதுதான் முதல் வேலை. பெயின்ட் ரிமூவர் வைத்தால் ஓரத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டையான பைண்டிங் உருகிவிடும், தின்னர் வைத்தால் கருப்பு மரத்துக்குள் இறங்கும். அதனால் ஸ்கிரேப்பரும், நம் ஆசாரிகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் உடைந்த கண்ணாடித் துண்டும்தான். மெதுவாக நடக்கும், ஆனால் எவ்வளவு எடுக்கிறோம் என்பது கைக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை எமரி தின்ற முகப்பு. இன்னொரு முறை தேய்த்தால் செதுக்கிய வளைவே தட்டையாகிவிடும்.

மேப்பிள் வெளியே வந்ததும் விஷயம் முடிந்துவிட்டது. இரண்டு துண்டு மேப்பிள். இணைப்புக் கோடு நடுவில் இல்லை, தடித்த (பேஸ்) தந்திப் பக்கம் ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தது. மரத்தில் அலைவரி அநேகமாக இல்லை. பழுப்பாக இரண்டு தாதுக் கறைகள். 1953-இல் இதில் யாரும் தப்பு செய்யவில்லை. மேலே தங்கம் பூசப்போகிறார்கள், இணைப்பு எங்கே வந்தால் என்ன என்று கிடைத்த பலகையைப் போட்டார்கள். வெளியே தெரியும்படி பூச ஆரம்பித்த 1958-இல்தான் ஒரே பலகையைப் பிளந்து புத்தகம்போல விரித்து நடுவில் சேர்ப்பது வழக்கமானது.

இதன்மேல் சன்பர்ஸ்ட் அடித்தால், கோணல் இணைப்பும் கறையும், நான் வைக்கப்போகும் ஒட்டுகளும் எல்லாம் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி தெரியும். பேரன் விடவில்லை. "அண்ணா, மேல இருக்கற மேப்பிளையே எடுத்துட்டு, அலை அலையா இருக்கற புது மேப்பிள் போடலாமே? வெளிநாட்டுல செய்யறாங்களே?"

செய்கிறார்கள். அப்படிச் செய்தால் மிஞ்சுவது ஒரு மஹோகனிப் பலகையும் நெக்கும். முகப்பு மேப்பிள்தான் அந்தக் கிட்டாரின் குரலில் பாதி, அதைச் செதுக்கிய கலமசூ கைவேலையும் அதில்தான் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டு இது 1953 என்று சொல்வதற்கு என்ன பொருள்? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மீதி இரண்டு வழி. ஒன்று, குழிகளை மேப்பிளால் அடைத்து, இன்னொரு பி-90 தேடி வாங்கி, பழைய 1953-ஆகவே திருப்புவது. மனசுக்கு அது நேர்மையான வழியாகத் தெரியும். ஆனால் குழிகள் ஹம்பக்கர் அளவையும் தாண்டிப் போயிருந்தன. அவ்வளவு அடைத்து மறுபடி தோண்டினால் பிக்கப் உட்காரும் இடமெல்லாம் புது மரம். இன்னொன்று 1957. அந்த வருடத்து லெஸ் பாலுக்குத் தங்க முகப்பு, ஹம்பக்கர், டியூன்-ஓ-மேட்டிக் மூன்றும் உண்டு. கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் வாசித்த புகழ்பெற்ற கோல்டுடாப் அந்த வருடத்தியதுதான். உளி ஏற்கெனவே ஹம்பக்கருக்கு இடம் தோண்டிவிட்டது, பிரிட்ஜுக்கும் துளை போட்டாகிவிட்டது, தங்கம் இணைப்பையும் ஒட்டுகளையும் மூடிவிடும். முன்பு யாரோ பாதியில் விட்டதை ஒழுங்காக முடிப்பது மட்டும்தான் இங்கே எனக்கு வேலை. பேரனின் முகம் வாடியது. பெரியவருக்குச் சந்தோஷம், அண்ணன் வாங்கியபோது அது தங்க நிறத்தில்தான் இருந்ததாம்.

துளைகளும் குழிகளும்

பட்டியைச் சுரண்டியதும் 1953-இன் அசல் ஸ்டட் துளைகள் இரண்டும் வெளிப்பட்டன. சுற்றிக்கட்டும் பாரில் அந்தத் துளைகள் பிரிட்ஜ் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். டியூன்-ஓ-மேட்டிக் வந்தபோது ஸ்டட்டுகள் பின்னால் தள்ளிப்போய், முன்னால் பிரிட்ஜுக்கு இரண்டு மெல்லிய தண்டுகள் வந்தன. ஆக, பழைய ஸ்டட் துளை இரண்டு, ஜப்பானிய பிரிட்ஜின் கோணல் துளை இரண்டு, நான்கையும் அடைத்தாக வேண்டும்.

மேப்பிளில் முளை சீவி, முகப்பின் இழை ஓடும் திசையிலேயே இழை வரும்படி திருப்பி, வச்சிரப் பசையில் ஒட்டினேன். குச்சியை நிறுத்திவைத்து அடித்தால், தலையிழை மேலே பார்த்து நிற்கும். பூச்சு வருடாவருடம் சுருங்கும்போது வட்டம் வட்டமாகத் தடம் எழும்பிவிடும். வச்சிரம்தான் வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அது விலங்குப் பசை, தொழிற்சாலையில் ஒட்டியதும் அதில்தான், நாளைக்கு ஒருவர் திறக்க நினைத்தால் சூடும் ஈரமும் போதும். எபாக்ஸி வைத்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

புதுத் துளைகளை எந்த வரைபடத்தையும் நம்பிப் போடக்கூடாது. கிப்ஸன் அளவு பெயரளவில் 24.75 அங்குலம் என்றாலும், இந்தக் காலத்துக் கிட்டார்களில் உண்மை நீளம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து இரட்டிப்பாக்கி, பேஸ் பக்கம் சற்றுப் பின்சாய்த்து இடம் குறித்தேன். நெக் சாய்வைப் பற்றி ஒரு பயம் இருந்தது. 1953-இன் சாய்வு பின்னால் வந்தவற்றைவிடக் குறைவாக இருப்பதுண்டு; பிரிட்ஜ் உயரத்துக்கு இடம் போதாமல் போகலாம். ஃப்ரெட்டுகள்மேல் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்ததில், பிரிட்ஜைக் கிட்டத்தட்ட முகப்போடு ஒட்ட இறக்கினால் போதும் என்று தெரிந்தது. திருத்த இடம் கொஞ்சம்தான், ஆனாலும் இருக்கிறது. நெக்கைக் கழற்றிச் சாய்வைக் கூட்டலாம் என்பவர்கள் உண்டு. ஒருநாளும் அவிழ்க்காத அசல் இணைப்பை இரண்டு மில்லிமீட்டருக்காக அவிழ்க்க எனக்கு ஒப்பவில்லை.

குழிகளை மரம் குடையும் ரௌட்டர் இயந்திரத்தால் சதுரப்படுத்தி, பிரிட்ஜ் பக்கம் பிக்கப்பைச் சுற்றிய சட்டமான ரிங்கைத் தாண்டி வழிந்திருந்த இடத்தில் மட்டும் மேப்பிள் துண்டு ஒட்டினேன். ஹம்பக்கரின் இரண்டு கால்களுக்குத் தேவையான ஆழம் உளியாலேயே கிடைத்திருந்தது. புதிதாக ஒரு துளிக்கூட ஆழப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

தங்கம்

1950-களின் தங்கம் என்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் கலந்த பித்தளைத் தூள். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம். பழைய கோல்டுடாப்புகளில் முழங்கை உரசும் இடம் பச்சை பாரிப்பதற்குக் காரணம் அந்தச் செம்பு. இன்றைய தங்கப் பெயின்ட்டுகளில் பெரும்பாலும் மைக்கா. ஜொலிக்கும், பச்சை பிடிக்காது, ஆழமும் வராது. பித்தளைத் தூளுக்காக வெளிநாடு போக வேண்டாம். சாமி படச் சட்டத்துக்கும் பொம்மைக்கும் பூசுவதற்காகச் சிக்பேட்டைப் பக்கம் எடை போட்டுத் தருகிறார்கள். 'ரிச் கோல்டு', 'பேல் கோல்டு' என்று நிறப் பெயர் சொல்லித்தான் விற்பார்கள். முதலாவது செம்மஞ்சள், இரண்டாவது வெளிறியது. பிக்கப் ரிங்கின் அடியில், பாட்டுகளின் வாஷர் அடியில் எமரிக்குத் தப்பிய அசல் தங்கம் நகக்கண் அளவுக்கு இருந்தது. அதற்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் கலந்து நிறம் பிடித்தேன். அந்த அசல் துணுக்குகளைச் சுற்றி மறைப்பு ஒட்டி அப்படியே விட்டிருக்கிறேன்.

லாக்கரும் இங்கே தட்டுப்பாடு இல்லை. மரச்சாமான் பாலிஷ்காரர்கள் என்.சி. என்று சொல்வது இதே நைட்ரோசெல்லுலோஸ்தான். சிக்கல் பெங்களூரின் மழையில் இருக்கிறது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல வெளுத்துவிடும். ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சேர்த்தால் ஓரளவு தப்பிக்கலாம், ஆனால் ஜூனிலிருந்து அக்டோபர் வரை நான் முகப்பு வேலை எடுப்பதில்லை. ஜனவரிக்குக் காத்திருந்தோம். பேரன் அவசரப்பட்டான், பெரியவர் அவனை அடக்கினார்.

தூளை லாக்கரில் முன்கூட்டியே கலந்து வைக்கக்கூடாது. லாக்கரின் அமிலம் தூளைப் பிடித்துப் பச்சையாக்கும், சில சமயம் கூழாகவும் திரளும். அடிக்கும் நேரத்தில் கலந்து, அடிக்கடி குலுக்கி, மெல்லிசாகப் பல கை. தங்கத்தின்மேல் எமரி வைக்கவே கூடாது. உலோகத் துகள் புரண்டு கருத்துவிடும். சமன் செய்வதெல்லாம் அதன்மேல் அடிக்கும் தெளிந்த லாக்கரில்தான். பிறகு பைண்டிங்கின்மேல் படிந்த தங்கத்தைப் பிளேடால் சுரண்டி எடுப்பது. கலமசூவிலும் இப்படித்தான் செய்தார்கள். லெஸ் பாலின் கொம்பு வளைவில் பைண்டிங்குக்குக் கீழே மேப்பிள் ஒரு கீற்றுத் தெரியுமே, அங்கே கை நடுங்காமல் இருக்க வேண்டும்.

முகப்பு பளபளவென்று வந்தது, பின்பக்கம் தேய்ந்து கிடந்தது. பேரன் மறுபடியும் வந்தான். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துப் பூச்சில் விரிசல் விழவைப்பது, பிளேடால் கோடு இழுப்பது, முழங்கை இடத்தில் பச்சை வரவழைப்பது எல்லாம் வீடியோக்களில் பார்த்திருக்கிறான். புதுக் கிட்டாருக்கு அப்படிச் செய்வதில் எனக்கு வருத்தமில்லை, அது அலங்காரம். பழைய கிட்டாரின் புதுப் பூச்சுக்குச் செய்தால் அது பொய்யின் முதல் படி. அடுத்து வாங்குபவர், அவருக்கு அடுத்து வாங்குபவர் என்று கை மாறும்போது, 'மாற்றியது' என்ற வார்த்தை எங்கோ ஓர் இடத்தில் விழுந்துவிடும். போலி 1957-களும் 1959-களும் சந்தைக்கு வருகிற வழியே அதுதான். பெரியவர் என் பக்கம் நின்றார். பச்சை பிடிக்க வேண்டிய காலத்தில் தானாகவே பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிக்கப்

சேத் லவர் ஹம்பக்கருக்கு 1955-இல் காப்புரிமை கேட்டார், கிடைத்தது 1959-இல். இடையில் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமை கோரப்பட்டுள்ளது' (Patent Applied For) என்ற பொருளில் ஒட்டிய சிறு கருப்பு ஸ்டிக்கர்தான் இன்றைக்கு பி.ஏ.எஃப். என்ற மந்திரம். அசல் ஒன்றே பல ஆயிரம் டாலர். இந்தக் கிட்டாருக்கு அது தேவையில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், நானே சுற்றினேன்.

ஒரு சுருளுக்கு 5,000 சுற்று, 42 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கக் கம்பி அளவு) கம்பி, ஆல்நிகோ காந்தம். இந்தியாவில் இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் கம்பி எண். மோட்டார் சுற்றும் கடைகளில் கம்பியை எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் அளவுக் கணக்கில் விற்கிறார்கள். அங்கே போய் 42 என்று கேட்டால் 0.1 மில்லிமீட்டர் கம்பி கிடைக்கும். நமக்கு வேண்டியது 0.063. இந்தக் கணக்கில் அது 46-க்குப் பக்கத்தில் வரும். எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லி வாங்குவதே பத்திரம். பழைய ஹம்பக்கர்கள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி ஒலிப்பதற்குக் காரணம், அந்தக் காலத்தில் சுற்று எண்ணிக்கை கறாராக இல்லாததுதான். நானும் இரண்டு சுருளையும் சமமாக வைக்கவில்லை. ஒன்றில் சில நூறு சுற்று கூடுதல். அந்தச் சமமின்மையில் மேல்ஸ்தாயி கொஞ்சம் திறந்து கேட்கும். மின்தடை நெக் பக்கம் 7.6 கிலோ ஓம், பிரிட்ஜ் பக்கம் 8.1. பழைய பி.ஏ.எஃப்.களில் காணும் எல்லைக்குள்தான்.

பழைய இரண்டு சென்ட்ராலாப் பாட்டுகளும் நெக் பிக்கப்புக்கு அப்படியே இருக்கின்றன. டோன் கப்பாசிட்டரை வால்யூம் பாட்டின் நடுக்காலில் இணைக்கும் 1950-களின் முறையில் வயரிங் செய்தேன். வால்யூமைக் குறைத்தாலும் சத்தம் மூடிக்கொள்ளாது. மேடையில் ஒரே ஆம்பில் ரிதமும் லீடும் வாசிப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். ஜப்பானிய ஹம்பக்கர்களையும் அந்த ஒற்றை பி-90-யையும் பெயர் எழுதி உறையில் போட்டு பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அவையும் இந்தக் கிட்டாரின் வரலாறு.

சத்தம்? பி-90-யின் கரகரப்புக்குப் பதில், அடியில் தடிமனும் மேலே மணியும் வந்திருக்கிறது. பழைய மஹோகனியும் மேப்பிளும் ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கேட்க வேண்டும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் இல்லை. காக்ஸ் டவுன் பழைய வீட்டில் எர்த்திங் சரியில்லாததால் பெரியவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

காகிதம்

கன்ட்ரோல் குழி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எது 1953, எது 1970-கள், எது இப்போது செய்தது என்று பாகம் பாகமாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. முகப்பு மறுபூச்சு என்று முதல் வரியிலேயே இருக்கிறது. முளை அடித்த இடங்களின் அளவு, கழற்றிய பாகங்களின் பட்டியல், பூச்சு எடுத்தபோது மேப்பிளைப் பிடித்த படங்கள் எல்லாம் பெட்டியில் தனி உறையில்.

வேலை முடிந்த பிறகு ஒரு வியாபாரி வந்து பார்த்தார். அந்தத் தாளை எடுத்துவிட்டு '1957, மறுபூச்சு' என்று போட்டால் வெளிநாட்டில் நல்ல விலை வரும் என்றார். வரிசை எண் 3-இல் தொடங்குகிறதே என்றேன். அதற்கும் வழி இருக்கிறது என்றார். பெரியவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

வெளிநாட்டில் விற்பது அவ்வளவு எளிதும் இல்லை. ஃபிங்கர்போர்டு பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 2019-இல் மற்ற ரோஸ்வுட் இசைக்கருவிகளுக்குத் தளர்வு வந்தபோதும் இதற்கு வரவில்லை. நாட்டைவிட்டு விற்க அனுப்ப வேண்டுமானால், தடைக்கு முந்திய மரம் என்று காட்டி அனுமதி பெற வேண்டும். காலத்தைக் காட்ட நம்மிடம் இருப்பது அந்த வரிசை எண்ணும் பாட்டின் முத்திரையும்தான். அதைச் சுரண்டிவிட்டால் கிட்டாரின் வயதே போய்விடும். இந்தத் தொல்லைக்காக ஃபிங்கர்போர்டையே மாற்றிவிடுங்கள் என்று யோசனை சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்களோடு பேச எனக்கு எதுவும் இல்லை.

பெங்களூரில் எனக்கு வருவதில் 1950-கள் அபூர்வம். அதிகம் வருவது 1970-களின் லெஸ் பால் டீலக்ஸ். அவற்றில் பி-90 குழிக்குள் சிறிய ஹம்பக்கர் இருக்கும். பெரியதாக்கித் தரச் சொல்வார்கள். இப்போது அந்தச் சிறிய ஹம்பக்கருக்கே மதிப்பு ஏறிவருகிறது, முழுமையாக இருந்தால் அப்படியே விடச் சொல்கிறேன். ஏற்கெனவே குடைந்திருந்தால் செய்து தருகிறேன், தாளோடு.

காக்ஸ் டவுன் கிட்டாரில் மீதி இருப்பது ஃப்ரெட். அசல் மெல்லிய ஃப்ரெட்டுகள் முதல் ஐந்தில் பள்ளம் விழுந்திருக்கின்றன. பேரன் அகலமான ஃப்ரெட் கேட்கிறான். 1959 வாக்கில்தான் கிப்ஸன் அகல ஃப்ரெட்டுக்கு மாறியது, 1957-க்கு மெல்லியதுதான். வாசிக்கப்போவது அவன் என்பதால் இதில் மட்டும் அவன் சொல்வதுதான் நியாயம் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். கழற்றும் அசல் ஃப்ரெட்டுகளை வரிசை எண் போட்டு உறையில் வைப்பேன், தாளிலும் ஒரு வரி கூடும்.